ஐஸ் உருகுவதற்குள் கடந்த தெரு

இந்தப் பத்திக்காக எத்தனையோ ஊர்க் காலனிகளில், எத்தனையோ வீட்டு வாசல்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறோம். சொந்த அத்தையிடம் மட்டும் ஒருநாளும் நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்ததில்லை. அப்படித் தோன்றியதும் இல்லை. சென்ற மாதம் கல்லூரி மாணவி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். “வேலைக்கும் போய்க் குடும்பத்தையும் பார்த்துக்கொண்ட நம் பெண்களைப் பற்றி எழுதுங்கள். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் மாதச் சம்பளத்துக்குப் போனதில்லை. எப்படி என்று யாரிடம் கேட்பது எனத் தெரியவில்லை” என்பது அதில் இருந்த வரி. அதைப் படித்தபோதுதான் எங்கள் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார் என்பது உறைத்தது.

அப்பாவின் அக்கா அவர். கிராம சுகாதார செவிலியராக 38 ஆண்டுகள் வேலை பார்த்தவர். 1985-இல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பகுதி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமானது. அத்தை ஓய்வு பெற்றது 2023-இல். செஞ்சிக்கு அந்தப் பக்கம் மூன்று துணை சுகாதார நிலையங்களில் மாறி மாறி இருந்தார். இப்போது எங்கள் சொந்த ஊர்க் காலனியில், தாத்தாவின் கூரை வீடு இருந்த அதே இடத்தில் கட்டிய ஒட்டு வீட்டில் இருக்கிறார்.

நாம் போனபோது வாசலில் சாக்கை விரித்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த அவர் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார். நோட்டைப் பார்த்ததும் அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னப் பத்தி உனக்குத் தெரியாதது இன்னா கீது, நீ எழுதிக்கினு போறதுக்கு?”

தெரியாதது நிறைய இருந்தது என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துபோனது.

அவர் படித்த கதையை விரித்துச் சொல்லப் போவதில்லை. இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு அது புதிதல்ல. தாத்தா படியாள். மாடு மேய்க்க அனுப்பச் சொன்ன பண்ணைக்காரரிடம் தலையைச் சொறிந்து நின்றுவிட்டு, மகளை ஆதிதிராவிடர் நல விடுதியில் கொண்டுபோய் விட்டார். காலனியில் பத்தாம் வகுப்பு முடித்த முதல் பெண் அத்தைதான். அந்தக் காலத்தில் பத்தாம் வகுப்பு முடித்தால் செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். பயிற்சி 18 மாதம். இப்போது பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும், பயிற்சியும் இரண்டு ஆண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருந்து, 22 வயதில் ஆணை வந்தது.

சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையம் என்றால் சுமார் 5,000 பேருக்கு ஒரு செவிலியர். கர்ப்பிணிகளைக் கணக்கெடுப்பது, பிரசவம் பார்ப்பது, தடுப்பூசி போடுவது, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் சேர்ப்பது, இத்தனையையும் எழுதி வைப்பது என எல்லாம் அந்த ஒருவர் தலையில். துணை நிலையம் இருக்கும் ஊரிலேயே அவர் தங்கவும் வேண்டும்.

“தங்கணும்னு ஆர்டர்ல இருக்குது. ஆனா யாரு வூடு குடுப்பா? ரெண்டு நாள் ஊர்த்தெருவுல வூடு வூடாக் கேட்டன். மொதல்ல ‘எந்த ஊரும்மா’ம்பாங்க. சொல்லுவன். அடுத்து ‘ஊருல எந்தத் தெரு’ம்பாங்க. அதுக்கப்புறம் வூடு காலி இருக்காது.”

கடைசியில் அந்த ஊர்க் காலனியில், ஒரு கிழவி தன் கூரை வீட்டில் பாதியைத் தட்டி வைத்து மறைத்துக் கொடுத்தார். துணை நிலையம் ஊர்த்தெருவின் அந்தக் கோடியில். நடுவில் முழுத் தெருவையும் கடந்து போக வேண்டும். அத்தையிடம் இருந்தது ஒரு பழைய சைக்கிள்.

“இறங்கித்தான் தள்ளினேன்”

காலனிக்காரர்கள் ஊர்த்தெருவில் சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அத்தை என்ன செய்தார் என்று கேட்டோம். எதிர்த்து நின்ற கதை ஒன்று வரும் என்று பேனாவைத் தயாராகப் பிடித்திருந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

“இறங்கித்தான் தள்ளினன். ஆறு மாசம் தள்ளினன். பொய்யா சொல்ல முடியும்? யாரும் வாய் தொறந்து சொல்லல. மொத நாள் ஒரு பெரியவரு திண்ணையில இருந்து ஏறிட்டுப் பார்த்தாரு. கால் தன்னால கீழ இறங்கிடுச்சு. சர்க்காரு வேலைக்கு வந்த பொண்ணு, வெள்ளைப் பொடவை கட்டிக்கினு, சைக்கிள் தள்ளிக்கினு போறன்.”

ஆறு மாதம் கழித்து ஒரு கோடைக்காலப் புதன்கிழமை. தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். இந்தியாவில் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985-இல்தான் தொடங்கியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து மருந்துப் பெட்டியைச் சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு வருகிறார். பெட்டிக்குள் நான்கு ஐஸ் கட்டிகள், நடுவில் போலியோ சொட்டு மருந்தும் தட்டம்மை மருந்தும். தெருமுனை வந்தது. அன்றைக்குக் காலில் முள் தைத்து வீங்கியிருந்தது. இறங்கவில்லை. மிதித்துக்கொண்டே போனார்.

பாதித் தெருவில் நிறுத்தினார்கள். நான்கைந்து பேர்.

“பயத்துல வாய்க்கு வந்தத சொன்னன். ‘ஐஸ் உருகுதுங்க. தள்ளிக்கினு போனா நேரமாகும். உருகிட்டா மருந்து கெட்டுடும். கெட்ட மருந்த ஒங்க புள்ளைங்களுக்குத்தான் போடணும்’னு சொன்னன். ஒருத்தரு மொகத்த ஒருத்தரு பார்த்தாங்க. வுட்டுட்டாங்க.”

சொல்லிவிட்டு அத்தை குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் பெட்டியில ஐஸ் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

மகள் கைவேலையை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தார். அவருக்கும் இது புதிது போல.

திரும்பி வரும்போது அதே ஆட்கள். போகும்போது சரி, இப்போது பெட்டி காலிதானே என்று கேட்டார்களாம். “மீந்த மருந்து இருக்குதுங்க, அதையும் கெடாமக் கொண்டுபோய்க் குடுக்கணும்” என்று சொல்லிவிட்டு மிதித்தார். அடுத்த புதன்கிழமையும் அதே பதில். வியாழக்கிழமை பெட்டி இல்லை. ஆனாலும் இறங்கவில்லை. அதற்குள் அவர்களுக்கும் பழகிவிட்டது. பிறகு 1990-களில் கடன் போட்டு ஒரு டிவிஎஸ் 50 வாங்கியபோது, ஒலிப்பானை அழுத்திக்கொண்டே அந்தத் தெருவில் போனதாகச் சொன்னார். “தேவையே இல்ல. இருந்தாலும் அழுத்தினன்.”

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டது. மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஒருமுறையாவது புகார் கொடுக்க நினைத்தீர்களா என்று கேட்டோம். “நெனச்சன். குடுத்தா அடுத்த புதன்கிழமை எந்தக் கதவு தொறக்கும்? ஊசி போடாத புள்ளைங்க கணக்கு எம் பேர்லதான் வரும்” என்றார். நமக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. புகார் கொடுக்காத ஒவ்வொரு முறையும் அடுத்து வருகிறவருக்கு வழி இன்னும் குறுகுகிறது. அதை அத்தையிடமே சொன்னோம். மறுக்கவில்லை. “நீ சொல்றது செரி. நான் தனி ஆளு” என்றார்.

படி நெல்

அந்தக் காலத்தில் பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே நடந்தன. நள்ளிரவில் அரிக்கேன் விளக்கோடு காலனி முனையில் வந்து நின்று கூப்பிடுவார்கள். காலனிக்குள் வர மாட்டார்கள். அங்கிருந்தே குரல் வரும். அத்தை பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். தண்ணீர் கொடுக்காத வீடு, திண்ணையில் உட்காரச் சொல்லாத வீடு, எல்லா வீட்டுக்குள்ளும் அந்த நேரத்தில் போயிருக்கிறார். கூடத்தைத் தாண்டி, அரங்கு வரைக்கும்.

“வலி எடுத்த பொண்ணு கையக் கெட்டியாப் புடிச்சிக்கும். எந்தத் தெருன்னு கேக்காது. தொப்புள்கொடி அறுத்து, புள்ளையத் தொடச்சி, குடுக்குற வரைக்கும் ‘அம்மா, தாயே’ன்னு இருக்கும். அதுக்கப்புறம் கெழவிங்க வாசல்ல சாணித் தண்ணியக் கரைச்சி வச்சிக்கினு நிப்பாங்க. நான் எறங்கினதும் தெளிக்க.”

இதைவிட அவரைச் சுட்டது வேறொன்று. கிராமங்களில் பிரசவம் பார்ப்பதும், தீட்டுத் துணியை அப்புறப்படுத்துவதும் காலங்காலமாக ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களின் குடிமை வேலை. மருத்துவச்சிக்குப் படி நெல்லும் பழைய புடவையும் கூலி. அரசு அனுப்பிய செவிலியர் வந்தபோது ஊரின் கண்ணுக்கு அவரும் அந்தப் பழைய மருத்துவச்சியாகவே தெரிந்தார். பிரசவம் முடிந்ததும் முறத்தில் நெல்லைக் கொண்டுவந்து வாசலில் வைப்பார்கள். கையில் கொடுக்க மாட்டார்கள்.

“எங்கப்பா படியாளு. படி வாங்கி வாங்கித் தேஞ்ச கை அது. நான் வாங்கக் கூடாதுன்னு வச்சிருந்தன். ‘எனக்கு மாசம் பொறந்தா சர்க்காரு சம்பளம் குடுக்குதும்மா’ன்னு சொல்லிட்டு வந்துடுவன். அவங்களுக்குக் கோவம் வரும். திமிருன்னுவாங்க. ஒரு வூட்டுல என் சைக்கிள் கேரியர்ல மூட்டையா வச்சிக் கட்டிட்டாங்க. அவுத்து வாசப்படியில எறக்கி வச்சிட்டு வந்தன்.”

சாணித் தண்ணீருக்குப் பேசாமல் இருந்தவர் நெல்லுக்கு ஏன் பேசினார் என்று நமக்கு உடனே புரியவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் புரிந்தது. தெளிப்பது அவர்கள் செய்வது. வாங்கிக்கொள்வது இவர் செய்வதாகிவிடும்.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உதவும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம் 1987-இல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006-இல் அது 6,000 ரூபாயானது. 2011-இல் 12,000, 2018-இல் 18,000. அந்தப் பணம் கிடைக்க வேண்டுமானால் கிராம சுகாதார செவிலியர் கர்ப்பத்தைப் பதிவு செய்து, பரிசோதனைகளை உறுதிப்படுத்தி, தாள்களைச் சரிபார்த்துத் தர வேண்டும். 6,000 ரூபாய் என்றானதும் ஊர்த்தெரு ஆட்கள் அத்தையின் கையெழுத்தைத் தேடி முதன்முறையாகக் காலனிக்குள் வந்தார்கள். வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். “தண்ணி குடிக்கிறீங்களான்னு கேப்பன். சில பேரு குடிப்பாங்க. சில பேரு இப்பத்தான் குடிச்சிட்டு வந்தன்னுவாங்க. கையெழுத்து ரெண்டு பேருக்கும்தான் போடுவன்.”

‘நர்சம்மா’ என்று கூப்பிட்ட மகள்

மாணவி கேட்ட கேள்விக்கு வந்தோம். வேலையையும் வீட்டையும் எப்படிச் சமாளித்தீர்கள்?

“சமாளிக்கல” என்றார் அத்தை. “எங்கம்மா சமாளிச்சாங்க.”

1987-இல் கல்யாணம். மாமா கொத்து வேலை செய்பவர். 1988-இல் மகள் பிறந்தார். அப்போது அரசு ஊழியருக்குப் பேறுகால விடுப்பு 90 நாள். (2011-இல் அது ஆறு மாதமானது. 2016-இல் ஒன்பது மாதம், 2021-இல் ஓராண்டு.) மூன்று மாதக் குழந்தையைத் தட்டி மறைப்புக்குள் வைத்துக்கொண்டு, இரவு கூப்பிட்டால் ஓட முடியவில்லை. நான்காம் மாதம் எங்கள் ஆயாவிடம் கொண்டுவந்து விட்டார். பேருந்தில் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்ப்பார், அதுவும் முகாம் இல்லாவிட்டால்.

ஆயாவுக்கு இதெல்லாம் புதிதல்ல. கழனியில் நடவு நடும்போது வேப்ப மரத்தில் தூளி கட்டி ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். மரத்தடியில் குழந்தை அழுதால் சேற்றுக் காலோடு வரப்பேறி வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி இறங்குவார். அதற்குக் கூலியில் பிடித்தம் உண்டு. வேலையும் வீடும் என்று இரண்டு தனித் தனியாக இருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. மகளின் மகளையும் அதே தூளியில் போட்டுக்கொண்டார்.

“நாலு வயசு வரைக்கும் நான் இவங்களை ‘நர்சம்மா’ன்னுதான் கூப்பிட்டேனாம்” என்றார் மகள். இப்போது அவர் அரசுப் பள்ளி ஆசிரியை. “ஊருல எல்லாரும் அப்படித்தானே கூப்பிட்டாங்க? நானும் கூப்பிட்டேன். அம்மான்னா எனக்கு ஆயாதான்.”

அத்தை எதுவும் சொல்லவில்லை. மல்லாட்டைத் தோலை ஊதித் தள்ளினார்.

1991-இல் தம்பி பிறந்தான். அதற்குள் அத்தைக்கு வேறு ஊருக்கு மாற்றல் கிடைத்து, கொஞ்சம் வசதியான வீடும் கிடைத்திருந்தது. அவனைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். மாமா புதன்கிழமைகளில் வேலைக்குப் போகாமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். சோறாக்கினார். ‘பொண்டாட்டி சம்பளத்துல குந்திக்கினு துன்றவன்’ என்று டீக்கடையில் பேசினார்கள். எங்கள் சொந்தத்திலும் பேசினார்கள், நாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். மாமா ஒருநாள் டீக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். வீட்டிலேயே டீ போடக் கற்றுக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் நல்ல டீ என்றால் அது மாமா போடுவதுதான்.

மகளோ ஆயா வீட்டிலேயே இருந்துவிட்டார். “தம்பிய வச்சிக்கிட்டாங்க, என்னை வுட்டுட்டாங்கன்னு ரொம்ப நாள் இருந்துச்சு. பன்னெண்டு வயசுல நான் வயசுக்கு வந்தன்னைக்கு ஞாயித்துக்கெழம, போலியோ முகாம். இவங்க ராத்திரி ஒம்போது மணிக்கு வந்தாங்க. வந்து என் பக்கத்துல உக்காந்து, துணி எப்படி வச்சிக்கணும், இன்னா சாப்புடணும்னு வரிசையாச் சொல்ல ஆரம்பிச்சாங்க. ஸ்கூல்ல பொண்ணுங்களுக்கு வகுப்பு எடுப்பாங்களே, அதே மாதிரி, அதே குரல்ல. நான் சொன்னேன், ஆயா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, நீங்க போய்த் தூங்குங்கன்னு.”

“வகுப்பு எடுத்தே பழகிட்டன்” என்றார் அத்தை. “வேற எப்பிடிப் பேசுறதுன்னு தெரியல.”

இந்தியாவில் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் 1995-இல் தொடங்கின. கடைசியாக ஒரு குழந்தைக்குப் போலியோ வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச்சில் நாடு போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு வந்த நாளில் பத்திரிகையைக் கத்தரித்து மகளுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார் அத்தை. கூடக் கடிதம் ஒன்றும் இல்லை. மகள் அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறார்.

கணக்குக்குச் சேர்த்த ஆட்கள்

பேச்சு சுற்றிச் சுற்றிக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வந்தபோது அத்தை சிறிது நேரம் பேசவில்லை. இதை எழுதுவியா என்று கேட்டார். எழுத வேண்டாம் என்றால் எழுத மாட்டோம் என்றோம். யோசித்துவிட்டு, எழுது என்றார்.

1996 வரைக்கும் செவிலியர்களுக்கு இலக்கு உண்டு. வருடத்துக்கு இத்தனை பேரை அறுவைச் சிகிச்சைக்கு அழைத்து வர வேண்டும். வராவிட்டால் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைப்பார்கள். அந்த ஆண்டில்தான் மத்திய அரசு நாடு முழுக்க இலக்கு முறையைக் கைவிட்டது.

“ஊர்த்தெருவுல போய் ஆபரேஷன் பண்ணிக்கன்னு ரெண்டு தபா சொல்ல முடியாது. நாய அவுத்து வுடுவாங்க. அப்போ கணக்கு எங்க பூர்த்தியாவும்? காலனியிலதான். நம்ம சனம் நான் சொன்னாக் கேக்கும். நம்ம பொண்ணு சொல்லுதுன்னு நம்பி வரும். மார்ச் மாசம் வந்தா நான் நம்ம தெருவுலதான் சுத்துவன். நல்லதுதான், வேணும்னு பண்ணிக்கினவங்க நெறைய பேரு. ஆனா கொஞ்சம் பேர நான் எங்கணக்குக்குக் கூட்டிக்கினு போனன்.”

அப்படிப் போன ஒரு பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள். ஆபரேஷன் முடிந்த மறு ஆண்டு ஒரு பிள்ளை பாம்பு கடித்து இறந்துபோனது. சாவுக்குப் போன அத்தையைப் பார்த்து அந்தப் பெண் திட்டவில்லை. “நீ அவசரப்படாம இருந்திருக்கலாம் நர்சம்மா” என்று மட்டும் சொன்னாராம்.

“முப்பது வருசம் ஆச்சு. ரேஷன் கடையில பார்க்கும்போதெல்லாம் நல்லாத்தான் பேசும். எனக்குத்தான் காது அடைச்சிக்கும்.”

இதற்கு என்ன எழுதுவது என்று நமக்குத் தெரியவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறோம். மாதச் சம்பளம் நம் சாதிக்கு விடுதலை என்று மேடையில் பேசியிருக்கிறோம். அந்தச் சம்பளத்துக்கான கணக்கு யார் உடம்பில் நேர் செய்யப்பட்டது என்பதை அன்றைக்குத்தான் கேட்டோம்.

2008 பற்றியும் சொன்னார். அந்த ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. மறுநாள் முதல் இங்கேயும் அத்தையைக் கண்டதும் கதவுகள் சாத்தப்பட்டன. ஊர்த்தெருவிலும் காலனியிலும் ஒன்றுபோல. “அன்னைக்கு ஒண்ணுதான் ரெண்டு தெருவும் ஒத்துமையா இருந்துச்சு” என்று சிரித்தார். மறுபடி ஒவ்வொரு கதவாகத் தட்டித் திறக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. பிறகு இரவில் அரிக்கேன் விளக்கோடு யாரும் கூப்பிட வரவில்லை.

58 வயதில் ஓய்வு பெற்றுப் பேரப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மகள் 2017-இல் பிரசவித்தபோது ஒன்பது மாத விடுப்பு கிடைத்தது. அதன்பிறகு குழந்தையைப் பார்க்க ஆளில்லை. அம்மா ஓய்வு பெறும் 2021 வரைக்கும் எப்படியோ ஓட்டிவிடலாம் என்று நினைத்தார். 2020-இல் கொரோனா வந்தது. அந்த மே மாதமே ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள். மறு ஆண்டு 60 ஆனது. அத்தைக்குச் சர்க்கரை நோய் உண்டு. விடுப்பு எடுங்கள் என்று மகள் அழுதிருக்கிறார். அத்தை காய்ச்சல் கணக்கெடுக்க வீடு வீடாகப் போனார்.

“அப்போ எல்லாரும் எல்லாரையும் தொடாம, தள்ளித் தள்ளி நின்னாங்க. குடுக்குறத கீழ வச்சிட்டு நகந்துக்கினாங்க. மத்த நர்சுங்க மனசு ஒடைஞ்சி அழுதாங்க. எனக்கு அது பழகுனதுதான்.”

“நாங்க அழுதது உங்களுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னு” என்றார் மகள். “உங்களுக்கு அது தெரியவே இல்ல.”

“தெரிஞ்சுது. உன்னாண்ட சொல்லல.”

அம்மாவும் மகளும் கொஞ்ச நேரம் பேசாமல் உரித்தார்கள். நாமும் இரண்டு கை அள்ளி உரித்தோம். நமக்கு உரிக்க வரவில்லை, பருப்பு உடைந்துகொண்டே இருந்தது.

பிறகு அத்தை நம்மைக் கேட்டார். “ஏம்பா, இந்தக் கேள்விய உங்க அப்பனாண்ட கேட்டியா?”

எந்தக் கேள்வி?

“வேலையும் குடும்பமும் எப்பிடிச் சமாளிச்சன்னு. அவனுந்தானே முப்பத்திரண்டு வருசம் ஆபீசுக்குப் போனான்.”

கேட்டதில்லை. அப்பா கல்லூரியில் படித்தது அத்தையின் சம்பளத்தில். அவர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது போட்டிருந்த சட்டை அத்தை எடுத்துக் கொடுத்தது. அந்தச் சட்டைக்காக அந்த மாதம் அத்தை மகளைப் பார்க்க வர பஸ்ஸுக்குக் காசில்லாமல் இரண்டு ஞாயிறு வரவில்லை என்பது அன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது. அத்தை சொல்லவில்லை, மகள் சொன்னார். ஆயா அவருக்குச் சொல்லியிருந்தார். அப்பா இதையெல்லாம் அறிவாரா என்று கேட்டோம். “அவனுக்கு எதுக்கு? படிக்கிற புள்ள” என்றார் அத்தை, அப்பாவுக்கு இப்போது 58 வயது என்பதை மறந்தவராக.

கடிதம் எழுதிய மாணவிக்கு என்ன சொல்லட்டும் என்று கேட்டோம்.

“இன்னா சொல்றது? வேலைக்குப் போவச் சொல்லு. புள்ளையப் பார்த்துக்க ஆளு இல்லாம போவாதன்னு சொல்லு. எங்கம்மாவுக்கு நான் மாசம் பணம் குடுத்தன், ஆனா பார்த்துக்கினதுக்குன்னு குடுக்கல, செலவுக்குன்னு குடுத்தன். ரெண்டும் வேற. இப்பத்தான் தெரியுது. கூலின்னு சொல்லிக் குடுத்திருக்கணும். அது வேலைதானே?”

மகள் நிமிர்ந்து, “உங்களுக்கு நான் அப்படித்தான் குடுக்கப் போறேன்” என்றார். இப்போது விடுமுறை நாள்களில் பேரனைப் பார்த்துக்கொள்வது அத்தைதான்.

“உங்கிட்ட படி நெல்லு வாங்குவனா நான்?” என்று அத்தை சீறினார். மகள் சிரித்துவிட்டார்.

அப்போது அத்தையின் கைப்பேசி அழைத்தது. துணை நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் செவிலியர். சின்னப் பெண், வந்து ஆறு மாதம் ஆகிறது, வாடகை வீடு கிடைக்காமல் தினமும் செஞ்சியில் இருந்து வந்து போகிறார் என்று அத்தை நமக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். என்ன தெரு என்று அவரையும் கேட்டார்களா என்பதை நாம் கேட்கவில்லை. ஏழாவது மாதக் கர்ப்பிணி ஒருவர் இரண்டு முறை பரிசோதனைக்கு வரவில்லை, வீடும் தெரியவில்லை என்கிறார் அந்தப் பெண்.

“ஏரிக்கரையோர போ. கோயில் தாண்டி புளியமரம். அதாண்ட நில்லு. நாயிருக்கும், உள்ள போவாத. நான் வர்றன்” என்று சொல்லிவிட்டு அத்தை எழுந்து மடியில் இருந்த தோலை உதறினார். செருப்பை மாட்டிக்கொண்டே, டீ போடச் சொல்லி உள்ளே பார்த்து மாமாவுக்குக் குரல் கொடுத்தார்.

“நீ உக்காரு. அரை அவர்ல வந்துடுவன். இன்னும் ஒரு மரக்கா கிடக்குது, உரிச்சி வை.”